தட்டிவானும் மண்ணெண்ணெய்க் காரும்

தட்டிவானின் முன்பாதி கப்பலில் வந்தது. பின்பாதி யாழ்ப்பாணத்தில் செய்யப்பட்டது. எஞ்சின், கியர்ப்பெட்டி, சேசி, அச்சு எல்லாம் மேல்நாட்டு லொறிகளுடையவை. அதற்குமேல் எழுந்த மரக்கூடு, வாங்குகள், கூரை, கூரைமேல் மூட்டை கட்டும் கம்பிச் சட்டம் ஆகியவை உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்தவை. பின்பக்கத்தில் இரண்டு சங்கிலிகளில் தொங்கும் பலகைதான் வண்டிக்குப் பெயர் கொடுத்தது. அந்தத் தட்டியைக் கிடையாக இறக்கிவிட்டால் உள்ளே கொள்ளாத சாக்கும் கடகமும் அதில் ஏறும். சாமான் இல்லாத நேரத்தில் ஆட்கள் ஏறி நிற்பார்கள்; பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகும். பக்கங்களில் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் சுருட்டி வைத்த படங்கை அவிழ்த்து விடுவதோடு சரி.

குடாநாட்டில் இந்த வண்டி எங்கு நிலைத்தது என்று பார்த்தால் அதன் வேலை விளங்கும். வடக்கு ரயில் பாதை 1905இல் கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்தபோது கொடிகாமம், சாவகச்சேரி, யாழ்ப்பாணம், சுன்னாகம் என்று தென்மராட்சியையும் வலிகாமத்தையும் தொட்டுப் போனது. வடமராட்சிப் பக்கம் தலைகாட்டவே இல்லை. பருத்தித்துறைக்காரர் ரயிலைப் பிடிக்கக் கொடிகாமத்துக்கு வர வேண்டும். கொடிகாமத்தில் சந்தையும் உண்டு. தேங்காய், மாம்பழம், பலாப்பழம், பனங்கிழங்கு, மரக்கறி ஒரு பக்கம். கடற்கரையிலிருந்து வரும் மீனும் கருவாடும் மறுபக்கம். வரணி வழியாகப் போகும் அந்தத் தெருவில் ஆளையும் சாமானையும் ஒரே கூலியில், ஒரே கூட்டில் ஏற்றும் வண்டி தேவைப்பட்டது. கொழும்பில் கட்டிய பஸ் ஆளுக்கு ஆனது, லொறி சாமானுக்கு ஆனது. கூடையை மடியில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகும் பெண்ணுக்கு இரண்டும் பொருந்தவில்லை. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்த பிறகும் கொடிகாமம்–பருத்தித்துறைத் தெருவில் தட்டிவான் ஓடிக்கொண்டிருந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

மரக்கூடு கட்டிய கை புதிதாகப் பழகிய கை அல்ல. மாட்டுவண்டில் செய்த தச்சருக்கு, ஆடும் சட்டத்தின்மேல் ஆடாத கூட்டை எப்படி உட்காரவைப்பது என்பது ஏற்கெனவே தெரியும். பொருத்தை இறுக்கி அறைந்தால் தெருக்கிடங்கில் மரம் பிளக்கும், கொஞ்சம் இளக்கம் விட்டால் கிறீச்சிடும் ஆனால் பிளக்காது. தட்டிவான் தூரத்தில் வரும்போதே சத்தம் கேட்பதற்குக் காரணம் எஞ்சின் மட்டுமல்ல.

சொந்தக் காரின் கதை வேறு வழியாக வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியக் கார்த் தொழிற்சாலைகள் உள்நாட்டு விற்பனையைவிட ஏற்றுமதியையே பெரிதாக நினைத்தன. டொலர் தேடிய அரசு அவற்றை அப்படித் தள்ளியது. 1947இல் ஒஸ்ரின் ஏ40 டெவனும் 1948இல் மொறிஸ் மைனரும் வெளிவந்தன. ஏ40இன் எஞ்சின் 1,200 கனசென்ரிமீற்றர், வலு ஏறத்தாழ 40 குதிரைச் சக்தி, பெயரே அதிலிருந்துதான். குடாநாட்டில் அதை யாரும் ‘டெவன்’ என்று சொல்லவில்லை. ‘ஏ போட்டி’ என்றுதான் சொன்னார்கள். 1952இல் வந்த ஏ40 சமர்செற்றும் அதே பெயரில்தான் வழங்கியது. டொக்டர், அப்புக்காத்து, சுருட்டு முதலாளி, மலாயாவில் வேலைசெய்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ‘மலாயன் பென்சனியர்’ ஆகியோரின் போர்ட்டிக்கோவில் இவை வந்து நின்றன. பிறகு கைமாறிக் கைமாறி, ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ் நிலையத்தடியிலும் வாடகைக் கார்களாக நின்றன.

கராஜ்காரருக்கு இந்தக் கார்களில் முக்கியமான ஒரு விடயம் இருந்தது. ஏ40 டெவனுக்கும் சமர்செற்றுக்கும் தனிச் சேசி உண்டு. உடலைத் தூக்கி எடுத்தாலும் கீழே எஞ்சினும் சில்லுமாக ஒரு வண்டி மிஞ்சும். மொறிஸ் மைனர் காருக்கு அப்படி இல்லை, அதன் தகடும் தளமும் ஒரே உடல். ஆனால் 1953இல் வந்த மைனர் பிக்கப்புக்கும் வானுக்கும் தனிச் சேசி கொடுத்திருந்தார்கள். பின்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்தால் மரத்தாலோ தகட்டாலோ புதுப் பெட்டி கட்டி ஏற்றலாம். எந்த வாகனம் ஐம்பது வருடம் ஓடும், எது பதினைந்தில் இரும்புக்குப் போகும் என்பதை இந்த ஒரு வேறுபாடு பல தடவை தீர்மானித்திருக்கிறது.

இலக்கத்தகடு பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்து ‘ஈஎல்’, ‘ஈஎன்’, ‘ஈவை’ என்று இலக்கம் கொடுத்த முறை 1956ஓடு முடிந்தது. 1957 ஜனவரி முதல் புதிதாகப் பதியும் வாகனங்களுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து விதிக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. வடக்கில் தமிழ் ‘ஸ்ரீ’ எழுதிய வாகனங்கள் ஓடின. 1958இல் சிங்கள எழுத்தோடு புதிய பஸ்கள் வடக்குக்கு வந்தபோது தார் பூசும் போராட்டமாக அது வளர்ந்தது. தெற்கில் பதிலுக்குத் தமிழ் எழுத்துகள் மேல் தார் பூசப்பட்டது. அந்த ஏப்ரல் 9ஆம் திகதி பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. பழைய ஆங்கில எழுத்துக் கார்கள் மட்டும் இந்தச் சண்டைக்குள் இழுபடாமல் தங்கள் தகட்டோடு ஓடின.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது கார் இறக்குமதிக் கதவு அடைபட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் அது இன்னும் இறுகியது. அதே ஆட்சி வெங்காயம், மிளகாய் இறக்குமதியையும் நிறுத்தியதால் யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் கையில் காசு புழங்கியது. காசு இருக்கிறது, வாங்குவதற்குக் கார் இல்லை. பழைய ஏ40உம் மைனரும் ஹில்மனும் வருடங்கள் பல கழிந்தும் விலை குறையாமல் நின்றது இதனால்தான். கராஜ் தொழில் உண்மையில் வளர்ந்ததும் இந்தக் காலத்தில்தான். பிஸ்ரன் தேய்ந்தால் கடையில் பிஸ்ரன் வாங்க முடியாது. சிலிண்டரைக் கடைந்து அகட்டி, வேறொரு எஞ்சினின் பிஸ்ரனைப் போட வேண்டும். வில்தகடு முறிந்தால் லொறி வில்லை வெட்டிக் கொல்லன் உலையில் வளைக்க வேண்டும். கோண்டாவில் பஸ் டிப்போவிலும் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலும் கடைசலும் உருக்கொட்டும் பழகியவர்களின் கைவேலை வீட்டுக் கோடிக்குள்ளும் வந்தது. கராஜ் என்றால் பெரும்பாலும் மாமர நிழல், சங்கிலிக் கப்பி கட்டிய ஒரு கிளை, எண்ணெய் ஊறிக் கறுத்த மண். சாவி எடுத்துக் கொடுக்கும் பெடியன் பத்து வருடத்தில் மெக்கானிக் ஆவான். அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

இதே காலத்தில் தோட்டங்களில் இன்னொரு பழக்கம் பரவியது, பின்னால் கார்களைக் காப்பாற்றியது அதுதான். துலா மிதித்து இறைத்த கிணறுகளில் இறைப்பு மெசின் வந்தது. சிறிய மெசின்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடு ஏறியதும் திறப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பிரித்தானியாவில் போர்ட்சன், பெர்குசன் உழவு இயந்திரங்கள் இதே முறையில் மலிவு எண்ணெயில் ஓடின. அவற்றுக்காகத் தொழிற்சாலையே அழுத்தம் குறைந்த எஞ்சினைச் செய்து கொடுத்தது. ஆக, புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைத்தவர் எவருக்கும் பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் பழக்கலாம் என்பது புதிய செய்தியல்ல.

அமெரிக்காவின் ஹொட் ரொட் இங்கே ஒப்பிடத் தக்கது. 1930களில் தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரித் தரைகளில் பழைய போர்ட் கார்களின் மட்காட்டையும் கூரையையும் கழற்றி எறிந்து, எஞ்சினின் அழுத்தத்தை ஏற்றி, இளைஞர் வேகம் பார்த்தார்கள். 1932 போர்ட்டின் வி8 எஞ்சின் அவர்களுக்கு வரமாக வந்தது. 1948இல் அதற்கென்று ஒரு சஞ்சிகையே தொடங்கியது. வீட்டு முற்றம், பழைய வண்டி, கையால் செய்த பாகம் என்று பார்த்தால் யாழ்ப்பாணத்துக் கராஜும் அதே இனம்தான். ஆனால் சிலிண்டர் மூடியில் வேலை நேர் எதிராகப் போனது. அங்கே மூடியைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினார்கள். இங்கே மூடிக்கடியில் தடிப்பு வைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். அங்கே வேகம் தேடினார்கள். இங்கே எரிபொருள் என்று கிடைத்த எதையும் எஞ்சின் குடிக்க வேண்டியிருந்தது.

அந்தத் தேவை 1990 ஜூனில் வந்தது. போர் மீண்டும் மூண்டது, ரயில் நின்றது, தெற்கிலிருந்து வந்த லக்சபானா மின்சாரம் அறுந்தது, ஆனையிறவால் போகும் கண்டி வீதி மூடியது. குடாநாட்டுக்குள் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பெற்றோல், டீசல், பற்றறி, ரயர், வாகன உதிரிப்பாகம் எல்லாம் இருந்தன. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு விடப்பட்டது, கூட்டுறவுச் சங்கக் கடையில் பங்கீட்டு அட்டைக்கு. அந்த ஒரு போத்தலைக் கேட்டு விளக்கும் அடுப்பும் இறைப்பு மெசினும் கடற்றொழிலாளரின் வள்ளமும் வரிசையில் நின்றன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது எண்ணெயும் விட்டு, மணிக்கணக்கில் எரியும் சின்ன விளக்கை வீடுகள் செய்துகொண்டது அப்போதுதான். கார் கடைசியில் வந்து நின்றது, ஆனாலும் பங்கு கேட்டது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அதுவே இருந்தது.

ஜப்பானிய ‘றீகண்டிசன்’ கார்கள் 1977க்குப் பின் வந்திருந்தன. தடை விழுந்ததும் அவை கொட்டிலில் ஏறின, கழித்துவிடப் பார்த்த ஏ40 தெருவுக்கு வந்தது. காரணம் பொறியியல். மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள் அழுத்தம் தாங்காது. பொறியிலிருந்து சுவாலை பரவி வருமுன்னே தானாகப் பற்றி, எஞ்சினை உள்ளிருந்து சம்மட்டியால் அடிப்பதுபோல் இடிக்கும். புதிய கார்களின் அழுத்த விகிதம் ஒன்பதை நெருங்கியது, ஏ40இனுடையது 7.2 மட்டும். அதையும் இறக்க, மூடிக்கும் சிலிண்டருக்கும் இடையில் ஒரு கஸ்கெற் இருக்கும் இடத்தில் இரண்டைப் போட்டால் போதும். பொறி தட்டும் நேரத்தையும் சற்றுப் பின்தள்ள வேண்டும். இன்னொரு சங்கடம், மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. பெற்றோல் உறைபனிக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். புகைபோக்கிக்கு அருகால் எண்ணெய்க் குழாயைச் சுற்றி எடுத்து, காபிரேற்றருக்குள் போகுமுன்னே சுடவைத்தால் அதுவும் தீரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏ40க்கும் மைனருக்கும் முன்னால் கம்பி போட்டுச் சுற்றும் துளை இருந்தது. பற்றறி தடைப்பட்ட ஊரில் அந்தத் துளையின் பெறுமதி எஞ்சினின் பெறுமதிக்குக் குறைந்ததல்ல. செத்துக்கொண்டிருக்கும் பற்றறி பொறிக்கு மட்டும் போதும், சுற்றுவதை மனிதன் பார்த்துக்கொள்வான்.

காலையில் ஒரு காரை எழுப்புவது இப்படி நடக்கும். பொனற்றைத் தூக்கி, காபிரேற்றரின் வாயைத் திறந்து, மருந்துப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளி விடுவார்கள். கம்பியைத் துளையில் மாட்டி, நாலு விரலோடு பெருவிரலையும் ஒரே பக்கம் வைத்துப் பிடிப்பார்கள். பெருவிரலை மறுபக்கம் கொடுத்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது அது முறியும். கீழிருந்து மேலே ஒரு வெட்டு. பிடித்தால் ஒருவர் உள்ளே அக்சிலேற்றரை விடாமல் மிதிக்க, மற்றவர் புகைபோக்கியின் சூட்டைக் கையால் பார்ப்பார். கை வைக்க முடியாத சூடு வந்ததும் திறப்பை மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார். எஞ்சின் இருமும், வெள்ளைப் புகை தள்ளும், நின்றுவிடுவதுபோல் நடுங்கும். பிறகு தணிந்து ஒரு மந்தமான சீரில் ஓடும். சூடு ஆறமுன் நிறுத்தி எடுத்தால் மண்ணெண்ணெயிலேயே மறுபடி பிடிக்கும். ஆறிவிட்டால் இன்னும் சில துளி பெற்றோல் செலவு. ஆகவே வாசலில் காத்து நின்ற வாடகைக் கார்க்காரர் நோயாளியை அவசரப்படுத்தியது முழுக்க அக்கறையால் அல்ல.

மோட்டார் சைக்கிளிலும் முறை இதுதான். துளி விடுவதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம், சின்னப் போத்தலும் ரியூப்பும் போதும். டீசல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் எரிவதில் சிக்கல் இல்லை, ஆனால் அதற்கு வழுவழுப்புப் போதாமல் பம்ப் தேய்ந்துவிடும். வேறு எண்ணெய் சிறிது கலந்து அந்தத் தேய்வைத் தள்ளிப்போட்டார்கள்.

இதற்கெல்லாம் விலை உண்டு. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஓயிலை நீர்க்கவைத்தது. ஓயில் மட்டம் குறைய வேண்டியது, நாளுக்கு நாள் கூடியது; அனுபவமில்லாதவர் அதைப் பார்த்து மகிழ்ந்தார், மெக்கானிக் பயந்தார். நீர்த்த ஓயிலில் பெயரிங் தேயும். பிளக்கில் கரி அடையும். இரண்டு நாளுக்கொருமுறை கழற்றி உரச வேண்டும். காருக்குள் ஏறி இறங்கியவரின் சட்டையில் மண்ணெண்ணெய் மணம் வீடுவரை வந்தது. வலுவும் குறைந்தது. மலைநாட்டில் இப்படி ஓடியிருக்க முடியாது. குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல ஏதுமில்லை. சுண்ணாம்புக்கல் மேட்டில் படுத்த தட்டை நிலம். இந்த எஞ்சின்களைப் பிழைக்கவிட்டதில் மெக்கானிக்கின் கைக்கு இருக்கும் பங்கு நிலத்துக்கும் உண்டு, அதைப் பெருமை பேசுவோர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தது. ஒரே இரவில் இலட்சக்கணக்கானோர் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் தாண்டித் தென்மராட்சிக்குப் போனார்கள். மழையில் நகர்ந்த அந்த நெரிசலில் சைக்கிள், மாட்டுவண்டில், லாண்ட்மாஸ்ரர், உழவு இயந்திரம் என்று ஓடக்கூடிய எல்லாம் இருந்தன. ஆளுக்கு இடையில் அங்குலம் அங்குலமாக நகரும் காருக்கு எஞ்சின் கொதிக்கும், நிறுத்தினால் ஆறும். பலர் காரை வீட்டிலேயே விட்டுப் போனார்கள். அந்த டிசம்பரில் யாழ். நகர் இராணுவத்தின் கைக்குப் போனது. 1996இல் மக்கள் திரும்பிவந்து பார்த்தபோது கொட்டிலில் கார் இருந்த வீடும் உண்டு, சேசி மட்டும் மிஞ்சிய வீடும் உண்டு, கொட்டிலே இல்லாத வீடும் உண்டு.

அதன் பிறகு கப்பலில் எரிபொருள் வந்தாலும் தட்டுப்பாடு ஓயவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் முகமாலையூடாக ஏ9 பாதை மக்களுக்குத் திறந்தபோதுதான் கதை மாறியது. பெற்றோல் வந்தது, புதிய மோட்டார் சைக்கிள்கள் வந்தன, கூடவே தெற்கிலிருந்து பழைய கார் தேடுவோரும் வந்தார்கள். அடைபட்ட சந்தையில் தப்பிய மைனரும் ஏ40உம் அவர்களுக்குப் பொக்கிஷம். வீட்டுக்காரருக்கோ மண்ணெண்ணெய் மணத்திலிருந்து விடுதலை. விற்றவர் பலர். 2006 ஓகஸ்ற்றில் பாதை மறுபடி அடைபட்டதும், விற்ற காரை நினைத்துக் கைபிசைந்திருக்கக் கூடியவர்களும் அவர்களே.

போர் 2009இல் முடிந்த பிறகு முச்சக்கர வண்டி வாடகைக் காரின் இடத்தைப் பிடித்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. எஞ்சியிருந்த பழைய கார்கள் கல்யாண வீட்டு மாப்பிள்ளைக் காராகவும், தட்டிவான்கள் படம்பிடிக்கும் பொருளாகவும் ஆயின. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் தளர்த்தியது. பழைய வண்டியின் விலை இரண்டாம் முறை ஏறியது. 2022 நெருக்கடியில் பெற்றோல் வரிசை நாடு முழுதும் நீண்டபோது, மண்ணெண்ணெய் வித்தை திரும்பும் என்று எதிர்பார்க்கலாம்தான். ஆனால் மண்ணெண்ணெயும் வரிசையில்தான் கிடைத்தது. அந்த ஓகஸ்ற்றில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது. வள்ளக்காரருக்கே எட்டாத எண்ணெயைக் காருக்கு ஊற்ற ஆளில்லை. யாழ்ப்பாணம் சைக்கிளை எடுத்தது.

இப்போது ஒரு ஏ40ஐ மீட்டெடுப்பவர் முதலில் செய்வது, முந்திய தலைமுறை செய்த வேலையை ஒவ்வொன்றாகக் கழற்றுவது. மூடியைத் தூக்கி இரண்டாவது கஸ்கெற்றை எடுக்கிறார். கரி பிடித்த வால்வுகளைத் தேய்க்கிறார். புகைபோக்கியைச் சுற்றிய செம்புக் குழாயை நிமிர்த்தி நேராகக் கொண்டுபோகிறார். பொறி நேரத்தைப் புத்தகத்தில் உள்ளபடி முன்னுக்கு நகர்த்துகிறார். பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் திறப்பை மாட்டத் துளைத்த ஓட்டைக்கு மட்டும் புத்தகத்தில் வழியில்லை. சிலர் அதைத் தகடு வைத்து ஒட்டி நிறம் பூசுகிறார்கள். சிலர் ஒரு இறப்பர் மூடியை அழுத்திவிட்டு அப்படியே விடுகிறார்கள்.